கலங்கல் மடுவும் ஒரு ஜோடி ஷூவும்

மழை தொடங்குவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே நான் வேட்டைக்குத் தயாராக ஆரம்பித்துவிடுவேன். வேட்டை என்றதும் துப்பாக்கியும் காடும் நினைவுக்கு வரலாம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே காட்டுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் வேட்டை என்றால் மீன்தான். ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கலங்கல் மேல் வழிய ஆரம்பித்ததும் மீன்களும் அதோடு சேர்ந்து வெளியே வந்து விழும். ஏரிக்குள் இருக்கிற மீன் குத்தகைக்காரருக்கு. கலங்கல் தாண்டிக் கீழே மடுவில் விழுந்த மீன் ஊருக்கு. இதை யார் எப்போது பிரித்து வைத்தார்களோ தெரியாது. குத்தகைக்காரர்கூட இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

மடு ஒன்றும் பெரிய இடமில்லை. ஒரு பக்கம் கலங்கலின் கருங்கல் சுவர், இன்னொரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவர். நடுவில் ஒரு பள்ளம். கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். மழையில் ஒரு ஓரம் என் கழுத்து வரைக்கும் வரும். அந்த ஆழத்து ஓரத்தில் வலைக் கயிறு பிடிக்கிறவன் நான். உயரமும் இருக்கிறது, நீச்சலும் தெரியும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராகப் போனேன். போர்வெல் வண்டியோடு ஆந்திரா, ஒடிசா என்று சுற்றினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை கட்டினேன், முகப்பேரில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேனாக இருந்தேன். எதிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினதில்லை. ஆனால் எந்த ஊரில் இருந்தாலும் மழை தொடங்கினால் அண்ணனூர் ஸ்டேஷனில் வந்து இறங்கிவிடுவேன். கலங்கல் ஓடுகிற முதல் நாளுக்கு, அதாவது முதல் தண்ணீருக்கு, வராதவனுக்கு அந்த வருஷம் முழுக்கக் கயிறு கிடையாது. அது மடுவின் சட்டம். என் வாழ்க்கையில் என் இடம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கயிற்று முனை ஒன்றுதான்.

போன மழைக்கு மடுவில் கண்ணாடி குத்தியது. பாட்டில் துண்டு. வலது பாதத்தில் சுண்டு விரலுக்குக் கீழே. குத்தியதே தெரியவில்லை. கரையேறி வேட்டியைப் பிழியும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தேன். மஞ்சள் வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் போர்வெல் வண்டியில் ஏறிப் போய்விட்டேன். ஈர ஷூவுக்குள்ளேயே நாள் பூராவும் கால் கிடந்தது. வலி இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் திரும்பி வந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை வியாதி என்றார்கள். வலிக்காமல் போனதற்குக் காரணம் அதுதானாம். சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

"அடுத்த தடவை விரலோடு நிக்காது," என்றார் டாக்டர். "செருப்பு இல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போகாதீங்க. தினமும் ஒரு கண்ணாடியை வெச்சு உள்ளங்காலைப் பாருங்க. உங்களுக்கு வலிக்காது, அதனால நீங்கதான் பார்த்துக்கணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வரும்போதே மனசில் மடுவுக்கு எந்த ஷூ சரிப்படும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கம் பூட் போட்டுப் பார்த்தேன். அதற்குள் தண்ணீர் புகுந்தால் காலைத் தூக்கவே முடியாது, ஆழத்தில் ஆளை அப்படியே நிறுத்திவிடும். கான்வாஸ் ஷூவின் அடிப்பாகம் கண்ணாடிக்குத் தாங்காது. கடைசியில் பழைய சாமான் விற்கிற பிளாட்பாரக் கடையில் சேஃப்டி ஷூ பார்த்தேன். கம்பெனியில் போட்டுக் கழித்தது. அடிப்பாகத்துக்கு உள்ளே இரும்புத் தகடு வைத்தது, ஆணி ஏறாது.

"ரெண்டும் ஒரே சைஸா இல்லியே அண்ணாத்தே," என்றேன். ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

"உன் காலு ரெண்டும் ஒரே சைஸா?" என்று கேட்டான் கடைக்காரன், என் விரல் இல்லாத பாதத்தைப் பார்த்துக்கொண்டே. வாங்கிக்கொண்டு வந்தேன்.

புகுந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். அடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, ஷூவின் இரண்டு பக்கமும் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே வரிசையாகத் துளை போட்டேன். ரப்பரும் தோலும் கருகி வீடு முழுக்க நாறியது. என் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சோறாக்குற அடுப்புல இன்னாய்யா பண்ற?"

"காலு போவாம இருக்க வழி பண்றேன்."

"மடுவுக்குப் போவாம இருந்தா காலு தானா இருக்கும். அதுக்கு ஆணி வேணாம், அடுப்பு வேணாம்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் மீன் வெட்டி விற்கிற அக்காவிடம்தான் சொல்ல வேண்டும். வலை அவளுடையது. மடுவுக்கு மேலே கரையில், மஞ்சள் பூசின ஏழு கன்னிமார் கற்களுக்கும் பக்கத்தில் தனியாக நிற்கிற வீரன் கல்லுக்கும் விளக்கு ஏற்றுகிறவளும் அவள்தான். அந்தக் கற்களைத் தாண்டிச் செருப்போடு யாரும் இறங்கக் கூடாது. முதல் தண்ணீர் அன்றைக்கு அவள் கற்களுக்கு எதிரே நின்றுகொண்டு ஒவ்வொருவன் காலையும் பார்ப்பாள்.

"அக்கா, இந்த வருஷம் ஷூ போட்டுகினு எறங்கலாம்னு கீறேன்."

"எதுல?"

"மடுவுலதான்."

கெண்டையின் செதிலைச் சீவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "ஏன் நைனா, டையும் கட்டிக்கினு வாயேன். ஆத்தா இன்டர்வியூ வெச்சி ஆள் எடுக்குறா."

"வெளாட்டு இல்லக்கா. காலப் பாரு."

எட்டிப் பார்த்தாள். "ஒரு வெரலுதான போச்சு. எனக்குப் புருசனே போய்ட்டான். நா கடைய மூடிகினு ஊட்ல குந்திகினேனா?"

"மறுபடியும் குத்திச்சின்னா காலையே எடுத்துடுவாங்களாம்."

"ஆத்தா மடியில எறங்கறவன் செருப்போட எறங்குவானா? அதான் போன வருஷம் உனக்குக் குத்திச்சி. மனசுல அப்பவே ஷூ போட்டுகினு இருந்துருப்ப."

மீன் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி சிரித்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஷூ கிடையாது என்றால் கண்ணாடி இருக்கக் கூடாது. வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. வெயில் ஏறுகிற மாதத்தில், மடு காய்ந்திருந்தபோது, ஒரு இரும்பு வாரியையும் கோணிப் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். காலில் அந்தத் துளை போட்ட ஷூ. தண்ணீர் இல்லாத மடுவில் ஷூ போட்டால் அக்கா கேட்க மாட்டாள். முதல் தண்ணீருக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு.

சாயங்காலங்களில் கரைமேல் உட்கார்ந்து குடிக்கிற பையன்கள்தான் பாட்டிலை எறிகிறார்கள் என்று நாங்கள் எல்லோருமே திட்டுவோம். நானும் அதையே நம்பிக்கொண்டுதான் வாரியை இழுத்தேன். ஆனால் அவர்கள் உட்காருகிற வேப்பமரத்துப் பக்கம் மடுவில் பிளாஸ்டிக் டம்ளரும் சிப்ஸ் கவரும்தான் வந்தன. பாட்டில் அங்கொன்றும் இங்கொன்றும். நாங்கள் இறங்குகிற படிக்கு நேர் கீழே, வீரன் கல்லுக்கு எதிரே வாரி ஒவ்வொரு தடவையும் கலகலவென்று சத்தம் போட்டது. எல்லாம் குவார்ட்டர் பாட்டில். மேலே முழுசாக, அதற்குக் கீழே கழுத்து உடைந்ததாக, அதற்கும் கீழே சேறோடு சேர்ந்து சில்லாக. லேபிள் போய் வெளுத்த பழைய பாட்டில்கூட இருந்தது.

வாரியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் மண்டையில் அடித்தது. இது பையன்கள் வேலை இல்லை. எங்கள் வேலை. முதல் தண்ணீர் அன்றைக்குக் கயிறு பிடிக்கிற ஒவ்வொருவனும் வீரனுக்கு ஒரு குவார்ட்டர் திறப்பான். மூடியளவு கல்லில் ஊற்றிவிட்டு மீதியைக் குடித்து, காலி பாட்டிலைத் தலைக்கு மேல் சுற்றி மடுவில் வீசுவான். வீரனுக்கு ஊற்றின பாட்டில் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. வீசி முடித்த கையோடு வெறுங்காலில் அதே இடத்தில் இறங்குவோம். வருஷா வருஷம் இப்படித்தான். நான் வீசினதும் அந்தக் குவியலில் எங்கோ கிடந்திருக்கும்.

அன்றைக்கே மச்சானைத் தேடிப் போய்ச் சொன்னேன். என் மனைவியின் அண்ணன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், கயிற்றில் எனக்கு அடுத்த ஆள். ஸ்டாண்டில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான்.

"மச்சான், மடுவுல கீற கண்ணாடி பூரா நம்மளோடது."

"இன்னா மாமே, மேல நம்ம பேரு எழுதிகீதா?"

"குவார்ட்டர் மச்சான். வீரன் கல்லுக்கு நேரா."

"வீரன் குடிச்சிட்டுப் போட்டுருப்பான். அவன்கிட்ட கேளு."

பக்கத்து ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அவன் தன் காலைத் தூக்கிக் காட்டினான். "எனக்கு ஒரு கீறல் கீதா பாரு. உனக்குத்தான் சுகரு. சுகருக்காரன் இனிப்பு துன்றத வுடணும், ஊர் பாட்டில எண்ணக் கூடாது."

நான் திரும்பிப் போய் வாரினேன். பல நாள் வாரினேன். ஒருவனும் கூட வரவில்லை. அபார்ட்மெண்டு மாடியிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "அண்ணா, கார்ப்பரேஷன்ல இருந்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ எங்க காம்பவுண்டு பக்கம் இருக்கிற குப்பையையும் கொஞ்சம் பாத்துடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோணி கோணியாகக் கண்ணாடியைக் கரையேற்றினேன். பழைய சாமான் கடையில் உடைந்த பாட்டில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் குப்பை லாரிக்காரரிடம் கெஞ்சித்தான் ஏற்றிவிட்டேன்.

மழை நெருங்கியதும் மற்ற சாமான்களைப் பார்த்தேன். பரணில் கிடந்த நைலான் கயிற்றை எலி கடித்திருந்தது, வெட்டி முடிச்சுப் போட்டேன். வலையில் ஈயக் குண்டு விழுந்த இடங்களில் புதுக் குண்டு கோத்தேன். லாரி டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினேன். மச்சானுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் டியூபைப் பார்த்தால் அவனுக்குக் கௌரவம் குறைந்துவிடும்.

பிறகு அக்காவிடம் கடைசியாக ஒரு தடவை போனேன். "நா வெறுங்கால்ல எறங்கறேன்க்கா. மடுவ சுத்தமா வாரி வெச்சிகீறேன். இந்த ஒரு வருஷம் பாட்டில வீசாதீங்க. என் கோணில போட்டுடுங்க."

"வீரனுக்கு ஊத்துன பாட்டில ஊட்டுக்கு எடுத்துகினு போவக் கூடாது."

"ஊட்டுக்கு இல்ல, குப்பை லாரில போட்டுடறேன்."

"வீரனோடத குப்பையிலயா?" கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கல்லாண்ட வெக்கச் சொல்றேன். அவன் பாட்டில அவனே பாத்துக்கட்டும். போ, மூஞ்சிய அப்டி வெச்சிக்காத," என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

இரண்டு நாள் விடாமல் பெய்து, காலையில் வெளுத்தபோது கலங்கல் ஓடுகிறது என்று போன் வந்தது. போகும்போது ஷூவையும் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மடு நிரம்பி வழிந்தது. மீன்கள் கலங்கல் மேல் பளபளவென்று சரிந்து விழுந்தன. கரை பூரா ஜனம். எங்கள் ஆட்கள் வீரனுக்கு ஊற்றிவிட்டு, அக்கா சொன்னபடி பாட்டிலைக் கல்லடியில் வரிசையாக வைத்தார்கள். ஒருத்தன் மட்டும் "வீரனுக்கு இன்னா, காலி பாட்டில் யாவாரமா?" என்று முணுமுணுத்தான். ஆனாலும் வைத்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றை எடுத்தேன். கற்களுக்கு இந்தப் பக்கமே ஈர மண்ணில் கால் வைத்தபோது உள்ளங்காலில் ஒன்றுமே தெரியவில்லை. மண்ணா கல்லா என்று தெரியாத கால்.

மச்சான் கடைசியாக வந்தான். ஆட்டோவைக் கரைமேலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஊற்றிக் குடித்துவிட்டுக் கையை ஓங்கினான்.

"மச்சான், வேணாம்!"

அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வீசினான். பாட்டில் கலங்கல் சுவரின் விளிம்பில் பட்டுச் சிதறி, நாங்கள் இறங்குகிற படிக்கு எதிரே தண்ணீருக்குள் விழுந்தது. முழுசாக விழுந்திருந்தாலாவது தேடி எடுக்கலாம்.

"மறந்துட்டேன் மாமே. கை பழகிப் போச்சு," என்று சிரித்தான். "ஒரு பாட்டிலுக்கு இன்னா ஆயிடும்?"

அவனை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. கயிற்றை இடுப்பில் சொருகிக்கொண்டு, பையைப் பிரித்து ஷூவை எடுத்து மாட்டினேன்.

"டேய், கழட்டு," என்றாள் அக்கா.

"கண்ணாடி கீதுக்கா. நீயே பாத்த."

"எல்லாருக்கும்தான் கண்ணாடி கீது. கழட்டு, இல்ல கயித்த வுடு."

எல்லோரும் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனாவது ஏதாவது சொல்வான் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வேனல் பூரா குனிந்து வாரினது அவர்களுக்கும் தெரியும். கயிற்றை மச்சான் கையில் கொடுத்தேன்.

"ஆழத்துப் பக்கம் நீதான் போவணும். டியூப மாட்டிக்கோ."

"இன்னாது, சுவிம்மிங் பூலா இது?"

"மாட்டுடா, உன் தங்கச்சிக்கு நாந்தான் பதில் சொல்லணும்." டியூபை அவன் தலை வழியாகப் போட்டு இழுத்துவிட்டேன். திட்டிக்கொண்டே விட்டான்.

ஷூவோடு கன்னிமார் கற்களைத் தாண்டினேன். அக்கா என்னவோ சொன்னாள், தண்ணீர் சத்தத்தில் கேட்கவில்லை. பாட்டில் சிதறின இடத்தில் போய் நின்று காலால் துழாவினேன். தகடு வைத்த அடிப்பாகத்தில் கரக் என்று சத்தம் வந்த இடத்தில் குனிந்து கையால் எடுத்தேன். கழுத்துத் துண்டு கிடைத்தது. அடித் துண்டு கிடைத்தது. சில்லு எல்லாம் எங்கே கிடைக்கும்? அதனால் அங்கேயே நின்றுவிட்டேன். வலையோடு வந்தவர்களை, "இந்தப் பக்கம் வராத, சுத்திகினு போ," என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஆற்றில் நட்டு வைத்த கம்பத்தைச் சுற்றுகிற மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மச்சான் டியூபில் மிதந்துகொண்டு, என் இடத்தில், என் கயிற்றை இழுத்தான். ஆழத்தில் ஒரு தடவை கால் தட்டுப்படாமல் போய் முகம் வெளுத்தது. டியூப் தாங்கியது.

நல்ல வேட்டை. ஜிலேபி, கெண்டை, கைநீளக் கெளுத்தி, இரண்டு விரால். கரையில் குவித்துப் பங்கு போட்டார்கள். கயிறு பிடிக்காதவனுக்குப் பங்கு கிடையாது. யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஷூவிலிருந்து தண்ணீர் நான் போட்ட துளைகள் வழியாகச் சொன்னபடி ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றாவது சரியாக நடந்தது.

மச்சான் டியூபைக் கழற்றி என் பக்கத்தில் போட்டான். உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். வருஷா வருஷம் இரண்டு பேராவது கட்டுப் போட்டுக்கொண்டு போகிற இடம் அது.

"அக்கா, இந்த வருஷம் ஒருத்தனுக்கும் ஒன்னும் குத்தலக்கா!" என்று கத்தினான்.

"எப்டிக் குத்தும்?" என்றாள் அவள், கன்னிமாருக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே. "செருப்பு போட்டவனக் கயித்துலேந்து வெலக்கி வெச்சோம் இல்ல. ஆத்தா காப்பாத்திட்டா."

எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மச்சானும். கும்பிட்ட கையோடு என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காத மாமே," என்றான்.

வாரினது நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வீரன் கல்லடியில் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தேன். அக்கா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும், ஒருத்தன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடுவில் வீச ஆரம்பித்தான். வேட்டைதான் முடிந்துவிட்டதே என்றான்.

வீட்டில் மனைவி பாத்திரத்தோடு காத்திருந்தாள். மீன் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன். கயிறும் போய்விட்டது என்றேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பொட்டு வைக்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, ஊறி வெளுத்திருந்த பாதத்தின் அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். விரலிடுக்கு, குதிகால், பழைய தையல். ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னொரு காலு," என்றாள்.

அதையும் பார்த்தேன்.